பால்கேன் வளைவு

முப்பத்தொன்று. போன வளைவிலும் பேட்டரி முப்பத்தொன்று சதவீதம்தான். மடியில் இருக்கிற சார்ஜருக்கு இந்த ஜீப்பின் எஞ்சின் ஓடினால்தான் உயிர், எஞ்சினோ வளைவுக்கு வளைவு அணைகிறது, அணைக்கிறவர் சன்னாசி அண்ணன், அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காணாமல் போயிருப்பது அவருடைய அக்கா. ஜீப்பும் அவருடையதுதான், மலைமேல் இருக்கிற ஊருக்கு ஆட்களையும் மிளகு மூட்டையையும் ஏற்றி இறக்குகிற ஜீப். முந்தாநாள் காலையில் அந்த அக்கா, காமுத்தாய், ஐம்பத்தெட்டு வயசு, ரேஷன் கடைக்கென்று மேலேயிருந்து நடந்து இறங்கியவள் கீழே வந்து சேரவில்லை. இரண்டு ராத்திரி மழையில் போய்விட்டது. பாதையில் மரம் விழுந்து இன்று மதியம்தான் வெட்டி எடுத்தார்கள். ஊருக்குப் பக்கத்து ஓடையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடைத்ததாம், அதனால் எல்லாரும் ஓடை ஓடை என்கிறார்கள், ஓடை இருப்பது இருபத்துமூன்றாவது வளைவுக்கும் மேலே, நாங்கள் இப்போது ஏழாவதில் முக்கிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கூப்பிட்டது என் ட்ரோனில் சூடு பார்க்கிற கேமரா இருப்பதால். சோலார் தகடுகளுக்கு மேலே பறந்து எந்தத் தகடு அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று சொல்வது என் பிழைப்பு. அதே கேமராவுக்குப் புதருக்குள் கிடக்கிற மனுஷ உடம்பும் வெள்ளையாகத் தெரியும், உடம்பில் சூடு இருக்கிற வரைக்கும். அந்தக் கடைசிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நாலு பேட்டரி. என் மனைவி ரஹ்மத் தன்னுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறாள், குழம்பக் கூடாதென்று. காலையில் அடிவாரத்தில் ஒற்றையடிப் பாதை நெடுக நாலையும் பறக்கவிட்டுத் தீர்த்தாயிற்று, ஒரு ஆடும் இரண்டு மயிலும் தெரிந்தன. அடிவாரத்திலும் மேலேயும் கரண்ட் இல்லை, கம்பம் சாய்ந்து மூன்று நாளாகிறது. ஆகவே இந்த ஜீப்தான். பானெட்டுக்குள் ஜீப்பின் பேட்டரியில் இரண்டு கவ்வி, கவ்வி கழலாமல் டியூப் நறுக்கால் கட்டு, அங்கிருந்து ஒயர் கதவிடுக்கு வழியாக என் காலடியில் இருக்கிற இன்வெர்ட்டருக்கு, இன்வெர்ட்டரிலிருந்து மடிக்கு. ஒரு கல் ஏறி இறங்கினால் என் விலா எலும்பு போய் ஜீப்பின் கம்பியில் இடிக்கிறது, நான் சார்ஜரைத்தான் பிடிக்கிறேன். முறை வராத பேட்டரிகளைத் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டியிருக்கிறேன், சில்லிட்டுப் போன பேட்டரி சார்ஜை வாங்காது, அதற்கு என் வயிற்றுச் சூடு வேண்டும். சமதரையில், பிளக் இருக்கிற இடத்தில், டீ குடித்துக்கொண்டே வேலை பார்த்தவனை இங்கே கொண்டுவந்து குலுக்குகிறார்கள். இதோ, எட்டாவது வளைவு. அவர் கை சாவிக்குப் போகிறது. வேண்டாம், அண்ணே, வேண்டாம். அணைத்துவிட்டார். இன்வெர்ட்டர் கீ என்று ஒருமுறை கத்திவிட்டு அடங்குகிறது. சார்ஜரின் விளக்கு போகிறது. அவர் இறங்கி, பாதை விளிம்பில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, ஊ...ஓய் என்று கூவுகிறார். பிறகு காத்திருக்கிறார். ஒரு வெற்றிலையை நரம்பு கிள்ளி மடித்து வாயில் போடுகிற நேரம். மழைத்தண்ணீர் எங்கோ கல்லில் விழுகிறது. அட்டை ஒன்று என் கால்விரலுக்கு நடுவில் ஏறிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஊ...ஓய். மறுபடி காத்திருப்பு. முதல் வளைவிலேயே கேட்டேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன அண்ணே என்று. "காட்டுக்குள்ள பேரச் சொல்லக் கூடாது பாய். பேரச் சொன்னா வேற எதாச்சும் ஏன்னு கேக்கும். நாங்க கூவத்தான் செய்வோம். எங்கக்காவுக்குக் கேட்டுச்சுன்னா ரெண்டு தடவ திருப்பிக் கூவும். சின்னப் பிள்ளையிலருந்து அப்பிடித்தான்."

கூவல் அழகாகத்தான் இருக்கிறது, எனக்குக் கணக்குதான் அழகாக இல்லை. நாலு நிமிஷம் நிறுத்தம். எஞ்சின் மறுபடி உறுமிய பிறகு சார்ஜர் தான் யாரென்று ஞாபகப்படுத்திக்கொண்டு மின்னி மின்னி வேலையைத் தொடங்க இன்னும் மூன்று நிமிஷம். ஏழு. இருபத்துமூன்று வளைவுக்கு நூற்று அறுபத்தொன்று. ஏழு மணிக்கு மேலே மூடுபனி இறங்கிவிடும், பனி இறங்கினால் என் கேமராவுக்குக் கண் கிடையாது, வெறும் சாம்பல் நிறம்தான். ஆறுக்குள் ஓடைமேல் பறக்க வேண்டும். இப்படிக் கூவிக்கொண்டே போனால் ஏழுக்குப் போய்ச் சேர்ந்து, சாம்பலைப் பார்த்துக்கொண்டு, அரை பேட்டரியோடு நிற்பேன். அரை பேட்டரி. அந்த ஆள் பாறைமேல் நின்று கைலியைச் சுழற்றியபோது என்னிடம் இருந்தது பதினாலு. போன ஐப்பசி, ஆற்றில் வெள்ளம். பாலத்தில் கூட்டம், பாய் படம் எடுங்க பாய், மேலேயிருந்து எடுங்க என்று ஆளாளுக்குச் சொல்ல, நானும் பெரிய ஆள் மாதிரி மூன்று பேட்டரியை வெறும் தண்ணீரைப் படம் எடுத்தே தீர்த்தேன். நாலாவதில்தான் அவன் தெரிந்தான். ஆற்றுக்கு நடுவே பாறை, பாறைமேல் அவன், கைலியை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றுகிறான், ட்ரோனைப் பார்த்துத்தான் சுழற்றுகிறான், என்னைப் பார்த்து. பதினாலு. பன்னிரண்டு. சார்ஜ் குறைந்ததும் ட்ரோன் தன்னாலே திரும்பி வந்துவிட்டது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அவன் இருக்கிற இடத்தைக் காட்டுங்கள் என்றார் படகுக்காரர், திரையில் பார்த்தவனுக்குக் கையால் காட்டத் தெரியவில்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் என்றேன், எந்த வளைவு என்றார். டீக்கடை பிளக்கில் நாற்பது நிமிஷம் சார்ஜ் ஏற்றித் திரும்பப் போனபோது பாறை தண்ணீருக்குள் இருந்தது. அவன் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ட்ரோன் திரும்பியபோது அவன் சுழற்றுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கீழே போட்டது மட்டும் தெரியும். அன்றிலிருந்து நான் வீட்டில் போனைக்கூட நாற்பதுக்குக் கீழே இறங்க விடுவதில்லை, ரஹ்மத் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

எஞ்சின் கிளம்பவில்லை. செல்ஃப் இழுக்கிறது, இழுக்கிறது, ஜீப்பின் பேட்டரியும் என்னுடையதைப் போலத்தான் போலிருக்கிறது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது. கூப்பிடாதீர்கள் என்றா. ஒரு மனுஷன் கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிறான், அதை நிறுத்தச் சொல்ல நான் யார். ஆனால் நீ சொல்லாமல் இருந்தால் மறுபடி பதினாலுதான், பீர்முகமது, மறுபடி கைலி. தொண்டையைச் செருமினேன். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வண்டி நின்னா சார்ஜு நிக்கிது. இப்பிடியே போனா மேல போயி ஓடையில பறக்க விட முடியாது. செருப்பு கெடந்தது மேலதான? இங்கிட்டு நின்னு கூப்பிட்டு என்னண்ணே பிரயோசனம்." கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் சுரண்டினார். "இல்ல பாய், பாதை நெடுகக் கூப்பிட்டுக்கிட்டே போனா மனசுக்குக் கொஞ்சம்..." என்றார். அப்புறம், "படிச்சவுக, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் படித்தது ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். அதை அப்போது சொல்லியிருக்கலாம். ஒன்பதாவது வளைவில் அவர் வேகத்தைக் குறைத்தார், கை சாவிவரை போனது, கியருக்குத் திரும்பியது. நாற்பத்தெட்டு. எனக்கு நெஞ்சு லேசானது, அதை மறைக்க முடியாது, நன்றாகவே இருந்தது. ஐம்பத்தைந்து. அறுபத்துமூன்று. மனுஷனுக்கு ஒரு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். ஜீப் இரண்டு கல்லுக்கு நடுவே படுத்து எழுந்தது, நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன், எண்பத்திரண்டு.

பேசாமல் வந்தவர் பேசினார், பேசினால் கூவல் மறந்துபோகும் என்று நினைத்தாரோ என்னவோ. வளைவுகளுக்கெல்லாம் பேர் இருக்கிறதாம். இது மூங்கில் வளைவு, இதில்தான் அவர் முதன்முதல் வண்டியைக் கவிழ்த்தார். அடுத்தது பால்கேன் வளைவு. பன்னிரண்டாவது. பத்து வருஷத்துக்கு முன்னால் பால் ஏற்றி வந்த வண்டி அங்கே சரிந்து கேன்கள் பள்ளத்தில் உருண்டதில் ஒன்று ஒரு மரத்தின் கவட்டையில் போய் மாட்டிக்கொண்டது, எடுக்க ஆளில்லை, அடையாளத்துக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டார்கள். "அந்தா பாருங்க பாய்." பார்த்தேன். பாதைக்குக் கீழே மரத்தில் அலுமினிய கேன், மழையில் கழுவிப் பளபளவென்று. "எங்கக்கா கேலி பண்ணும், ஒனக்கு மாலை போடுறதா இருந்தா அந்தக் கேனுக்குப் போடணும்டா, அதுதான் ஒன்னைய இந்த மலையில காப்பாத்துதுன்னு." சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். கை சாவியைத் தொட்டது. இந்தத் தடவை எடுக்கவில்லை, தொட்டபடியே என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. இன்னும் நாலு. ஒன்று நிறைந்துவிட்டால் அடுத்த வளைவில் நானே நிறுத்தச் சொல்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், சத்தியமாகச் சொன்னேன், வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா? ஆட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஜீப் குலுங்கியதில் ஆடியிருக்கலாம். அவர் கையை எடுத்து கியரை மாற்றினார், எஞ்சின் அலறிக்கொண்டு ஏறியது, கேன் பின்னால் போய்விட்டது. பதின்மூன்றாவதில் நூறு ஆனது. பச்சை. நான் நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டாவது பேட்டரி இருக்கிறதே, அது ஒன்பதில் அல்லவா இருக்கிறது.

ஐந்து இருபதுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். முதல் பேட்டரி நூறு, இரண்டாவது தொண்ணூறு. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், அக்காவின் மருமகள் ஒரு டம்ளர் கடுங்காப்பி கொடுத்தாள், வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன், என்னிடம் இரண்டு பேட்டரி இருக்கிறது. முதல் பேட்டரியை ஓடைக்கே கொடுத்தேன். குறுக்கும் நெடுக்குமாக, வயலில் ஏர் ஓட்டுவதுபோல ஒரு கோடு விடாமல். கல்லெல்லாம் கறுப்பு, தண்ணீர் அதைவிடக் கறுப்பு. ஒரு இடத்தில் வெள்ளை தெரிந்தது, எல்லாரும் என் தோளுக்கு மேலே மூச்சுவிட்டார்கள், அது ஒரு மிளா மான். இருபத்திரண்டு நிமிஷம். ஒன்றுமில்லை. இரண்டாவதைப் போடும்போது சன்னாசி அண்ணன் பக்கத்தில் வந்து, "ஒத்தச் செருப்புத்தான பாய் கெடந்துச்சு" என்றார். "ஓடையக் கடக்கயில ஒண்ணு தண்ணியில போயிருந்தா இன்னொண்ணையும் வீசிட்டு வெறுங்காலோட நடந்திருக்கும் அது. ஒத்தையடிப் பாதையில தண்ணி ஓடும், வண்டிப் பாதையிலதான் எறங்கியிருக்கும்." நான் திரும்பி அவரைப் பார்க்காமல் பேட்டரியை அமுக்கி மாட்டினேன். பாதை மேலேயே ட்ரோனை இறக்கிக்கொண்டு போனேன், இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது, வளைவுகள் திரையில் பின்னோக்கி வந்தன, பதினாறு, பதினைந்து, ஒவ்வொரு வளைவிலும் எங்கள் ஜீப் ஏறிய தடத்தில் தேங்கிய தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. பிறகு ஒரு மரத்தில் தார் ஊற்றினாற்போலக் கறுப்பாக ஒரு பொட்டு. பளபளக்கிற உலோகம் இந்தக் கேமராவில் அப்படித்தான், வானத்தின் குளிரைக் காட்டும். கேன். கேனுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில், பாறைக்கும் வேருக்கும் நடுவே, வெள்ளை. கால் ஒன்று தப்பான பக்கம் மடங்கியிருந்தது. திரையில் அவள் தோளைத் தொட்டு, சூடு எத்தனை டிகிரி என்று பார்த்தேன். இருபத்தொன்பது. காற்றோ பதினைந்து. பாதையிலிருந்து எட்டு மீட்டர் இருக்கும், பத்து இருக்காது. "கண்டுட்டாரு! பாய் கண்டுட்டாரு!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். இருபத்தெட்டு. கேமரா அப்படி இப்படிக் காட்டும், ஒன்று கூடக் குறையக் காட்டும், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சோலார் கம்பெனிக்காரனிடம் சொல்வதுபோல.

இறங்கும்போது சன்னாசி அண்ணன் பாதையைப் பார்த்து ஓட்டவில்லை, பாதை அவருக்குத் தெரியும். பின்னால் மூன்று பேர். ஒயர் கழற்றாமல் கிடந்ததால் சார்ஜர் மறுபடி என் மடியில், பேட்டரி மறுபடி அதில், பழக்கம். யா அல்லா, இன்னும் இருபத்தெட்டில் வைத்திரு, இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் கேட்கிறேன். இருபத்தெட்டு என்றால் உடம்பு ஆறத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருக்கப் பார்க்கிறேன். நாங்கள் அந்த வளைவைக் கடந்தபோது மணி நாலு பத்து. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றார் சன்னாசி அண்ணன். அப்படியானால் முதல் கூவலிலிருந்து கேட்டிருக்கும். மலையில் சத்தம் மேலே ஏறும். முதல் வளைவில் ஊ...ஓய். இரண்டாவதில். மூன்றாவதில். தம்பி வருகிறான் என்று தெரிந்திருக்கும், கூவல் ஒவ்வொரு வளைவாகத் தன்னை நோக்கி ஏறி வருவது தெரிந்திருக்கும், எங்கே நிறுத்துவான் என்றுகூடத் தெரிந்திருக்கும், இன்னும் நாலு வளைவுதான், குரல் இல்லாவிட்டால் என்ன, கிட்டே வந்ததும் எதையாவது தட்டிக்கொள்ளலாம் என்று மூச்சைச் சேர்த்து வைத்திருப்பாள். எட்டோடு கூவல் நின்றுவிட்டது. அப்புறம் வெறும் எஞ்சின். எஞ்சின் மேலே வந்தது, தலைக்கு மேலே வேகம் குறைந்தது, குறைந்தபோது அவள் என்ன நினைத்தாள். இல்லை, மயங்கிக் கிடந்திருப்பாள். இரண்டு நாள் மழையில் யார் விழித்திருப்பார்கள். மயக்கம்தான். மயக்கமாக இருக்கட்டும்.

அவர் இறங்கி ஓடினார், நானும் வேரைப் பிடித்துக்கொண்டு வழுக்கியபடி இறங்கினேன். அவர் அக்காவின் கழுத்தில் கை வைத்தார், அக்குளில் கை வைத்தார். "சூடு இருக்கு பாய். அடியில சூடு இருக்கு." நாங்கள் நாலு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். சூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அவளுடைய வலது கையில் முட்டை அளவு ஒரு கல், விரல்கள் அதை விடவில்லை. பக்கத்துப் பாறையில் பாசி உதிர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் புதுத் தழும்புகள், சின்னச் சின்னதாக, ஒரே இடத்தில். மழை அவற்றை இன்னும் கழுவவில்லை. மதியத்துக்குப் பிறகு மழை இல்லை. இதை நான் ஒருவன்தான் கணக்குப் போட்டேனா, அவரும் போட்டாரா, தெரியவில்லை. அவர் அந்தத் தழும்பைக் கையால் ஒருமுறை தடவினார், துடைப்பதுபோல. அழவில்லை. அக்காவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அவ்வளவு பக்கத்தில், அவள் காதில், மெதுவாகக் கூவினார். ஊ...ஓய். அவர் வழக்கமான நேரம் காத்திருந்தார். நான் அழுதேன், எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமலே அழுதேன்.

சாக்கில் படுக்கவைத்துக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும், கயிறு ஊரிலிருந்து வர வேண்டும், அரை மணியாவது ஆகும் என்றார்கள். நான் மேலேறி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வந்த அவசரத்தில் எஞ்சினை யாரும் அணைக்கவில்லை, வண்டி நின்ற இடத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது, பள்ளத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கதவைத் திறந்து சாவியை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் அப்போதுதான் விளிம்பில் கையூன்றி ஏறி வந்தார், முழங்கை வரை சேறு. என் கையைப் பார்த்தார்.

"வேணாம் பாய்" என்றார். "அணைக்காதீங்க. ஓடட்டும். உங்களுக்குச் சார்ஜு ஏறட்டும்."

கோபமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. உதவி செய்ய வந்தவனுக்கு ஒரு மரியாதை செய்கிற முகம்தான் அது. "நீங்க இல்லைன்னா கண்டே பிடிச்சிருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கயிறு வருகிறதா என்று பாதையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஜீப்பில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன், வேறு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. மடியில் சார்ஜரை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது பேட்டரி முப்பத்தொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு.